பயத்தோடு விழித்த ராத்திரிகளில் எனக்குக் கைகொடுத்தது

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. நடுராத்திரி 2 மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தையே வராது, விசுவாசம் இருந்தால் ஏன் இவ்வளவு பயம் என்ற குற்ற உணர்வு வேறு.

அப்புறம் ஒருநாள் பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். உயிருக்குப் பயந்து ஓடிப்போய், 'போதும் கர்த்தாவே' என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவன் திட்டவில்லை. தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், மறுபடி தூங்கவிடுகிறான், இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொல்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து நீளமாக ஜெபிக்க முயல்வதை விட்டேன். விழிப்பு வந்தால் கட்டிலிலேயே உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்' என்ற சங்கீதம் 56:3-ஐ என் காதில் விழும்படி சொல்வேன். பயமே இல்லை என்று அதில் சொல்லவில்லை, பாருங்கள். பிறகு எதற்குப் பயப்படுகிறேனோ அதை அப்படியே அவரிடம் சொல்லிவிடுவேன்.

சிகிச்சை அன்று கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் தனியாக நிற்கிறேன் என்று தோன்றவில்லை. கதவு வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே போனேன், அந்த வசனத்தை இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.