டெக்கீலாவுக்கு வயது பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

விஸ்கி குடித்துப் பழகியவர் மெக்சிகோச் சாராயமான டெக்கீலா பக்கம் வந்தால் முதலில் கேட்பது, "இது எத்தனை வருடச் சரக்கு?" என்பதுதான். ஸ்காட்ச்சில் 12, 18 என்று எண் ஏற ஏற விலையும் மரியாதையும் ஏறும். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. விஸ்கிக்கான பார்லி சில மாதங்களில் விளைந்துவிடும். டெக்கீலாவுக்கான நீல அகாவே, அதாவது கற்றாழை போன்ற ஒரு செடி, வெட்டுக்குத் தயாராகப் பொதுவாக 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். ருசியின் பெரும்பகுதி அந்த ஆண்டுகளில், மண்ணிலேயே உருவாகிவிடுகிறது. பீப்பாய் அதற்கு மெருகேற்றலாம். அளவு மீறினால் மூடியும் விடலாம்.

மெக்சிகோவின் விதிப்படி, மரத்தில் வைக்கும் காலத்தைப் பொறுத்து டெக்கீலாவின் வகை மாறும். ரெபொசாடோ ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம், அன்யெஹோ 1 ஆண்டு, எக்ஸ்ட்ரா அன்யெஹோ 3 ஆண்டு இருக்க வேண்டும். கடைசி வகை 2006-இல்தான் விதிகளில் சேர்ந்தது. பின்னிரண்டுக்கும் பீப்பாய் 600 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. ரெபொசாடோவுக்கு அந்த வரம்பு இல்லை, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் மரத்தொட்டியிலும் வைக்கலாம். தொட்டி பெரிதானால் சாராயத்தில் மரம் படுவது குறையும். அதனால் மாதக் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு ரெபொசாடோக்கள் முற்றிலும் வேறு வேறாக ருசிக்கும். அதோடு, டெக்கீலா பெரும்பாலும் தயாராகும் ஹலிஸ்கோ மாநிலத்தின் வெயில் ஸ்காட்லாந்தில் கிடையாது. அங்கே பீப்பாயிலிருந்து ஆவியாவதும் வேகம், மரத்தின் ருசி இறங்குவதும் வேகம். 3 ஆண்டு எக்ஸ்ட்ரா அன்யெஹோவைப் பக்கத்தில் இருக்கும் 12 ஆண்டு விஸ்கியோடு ஒப்பிட்டு "இளசு" என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

அடுத்தது நிறத்தை நம்புவது. பொன்னிறம் பீப்பாயிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, கேரமலாலும் வரும். கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை மொத்த எடையில் 1 சதவீதம் வரை சேர்க்க விதியே இடம் கொடுக்கிறது. மூடியைத் திறந்ததும் வெனிலா கேக் வாசம் அடித்து, வாயில் வழவழவென்று இனித்தால் சந்தேகப்படுங்கள். புட்டியில் "100% அகாவே" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படை. அது இல்லையென்றால் புளிக்கவைத்த சர்க்கரையில் 49 சதவீதம் வரை கரும்பு போன்ற வேறு மூலத்திலிருந்து வந்திருக்கலாம். "நோம்" (NOM) என்ற எழுத்துகளோடு இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் கவனியுங்கள். எந்த வடிசாலையில் தயாரானது என்று அது சொல்லிவிடும். பெயர் வேறான பல புட்டிகள் ஒரே எண்ணைத் தாங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

பிளாங்கோவைத் தாண்டிவிட்டு நேராக அன்யெஹோவுக்குப் போவதும் தவறுதான். பிளாங்கோ என்பது மரம் படாத, அல்லது மிகக் குறைவாகப் பட்ட டெக்கீலா. வெந்த அகாவேயின் இனிப்பு, மிளகுக் காரம், பச்சை இலை வாசம், மண் வாசம் எல்லாம் அதில்தான் தெளிவாகத் தெரியும். ஒரே வடிசாலையின் பிளாங்கோ, ரெபொசாடோ, அன்யெஹோ மூன்றையும் அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ருசித்துப் பாருங்கள். மூன்றாவதில் அகாவே இன்னும் இருக்கிறதா, இல்லை போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பீப்பாய் மட்டும்தான் மிஞ்சியதா என்று நாக்கே சொல்லிவிடும். என்னைக் கேட்டால், நல்ல ரெபொசாடோவை வெல்லும் அன்யெஹோ குறைவு.

உப்பு, எலுமிச்சை, ஒரே மடக்கு என்பதெல்லாம் முரட்டு டெக்கீலாவைத் தொண்டைக்குக் கீழே தள்ளும் வழி. பீப்பாயில் ஊறியதற்கு அது வேண்டாம். வாய் சற்றுக் குறுகிய ஒயின் கிளாஸில் 30 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள். 40 சதவீத ஆல்கஹால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், விளிம்பிலேயே முகர்ந்தால் போதும். முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு, ருசி இரண்டாவதிலிருந்துதான். ஐஸ் போட்டால் வாசம் அடங்கிவிடும். ஆனால் "அறை வெப்பம்" என்று யாரோ எழுதியதை நம்பி, நம் ஊர் மே மாதத்து அறையில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் முகத்தில் அடிக்கும். புட்டியைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

அகாவேயிலேயே வடிக்கும் மெஸ்கால் என்ற சாராயத்துக்கு வந்தால் தவறு வேறு. அகாவேயை மண் குழியில் சுடுவதால் புகை வாசம் வருகிறது என்பது சரி, ஆனால் புகையை மட்டும் தேடிக் குடிப்பவருக்கு மற்றது எதுவும் எட்டாது. எஸ்பதீன், தொபலா, தெபெஸ்தாதே என்று ஒவ்வொரு அகாவே வகைக்கும் தனி ருசி உண்டு. காட்டில் வளரும் தெபெஸ்தாதே முதிர 20 ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அத்தனை காலம் காத்திருந்து வடித்ததை மரத்தில் போட்டு மறைக்க வேண்டுமா என்பது வஹாகா மாநிலத்து மரபான வடிப்பாளர்கள் பலருடைய எண்ணம். நியாயமான எண்ணம். அதனால் அவர்களின் சிறந்த மெஸ்கால் பெரும்பாலும் நிறமற்றே இருக்கும். கண்ணாடிக் கலனில் 12 மாதத்துக்கு மேல் வைத்து முதிர்த்தும் விற்கிறார்கள். நிறமில்லை என்று அதை மலிவாக எடைபோடாதீர்கள். அப்புறம், சோனோரா மாநிலத்துச் சாராயமான பகனோராவும் அகாவேயில் வடிப்பது. சோதோல் என்ற சாராயம் அகாவே அல்லாத வேறொரு பாலைச் செடியில் வடிப்பது. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டாம்.

கடைசியாக, விலை உயர்ந்த புட்டியை வாங்கி, கால்வாசி மிஞ்சும் வரை குடித்துவிட்டு வருடக்கணக்கில் அலமாரியில் வைப்பது. பீப்பாயை விட்டு வந்த பிறகு அதற்கு வயது ஏறாது, உள்ளே இருக்கும் காற்று வாசத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பாதிக்குக் கீழே இறங்கினால் சிறிய புட்டிக்கு மாற்றி, இறுக்கி மூடி, வெயில் படாமல் வையுங்கள்.