சந்தா இல்லாத ஆய்விதழ்க் கட்டுரையைப் படிக்க

சிறிய பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயில்வோர், தம் நூலகம் சந்தா செலுத்தாத ஆய்விதழின் கட்டுரை தேவைப்பட்டால், பணம் கட்டுவதற்கு முன் அதன் தலைப்பை ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இட்டு, பிற பதிப்புகளைக் காட்டும் இணைப்பைத் திறந்து பார்க்கலாம். இயற்பியல், கணித ஆய்வாளர்கள் பலர் 1991 முதல் இயங்கும் ஆர்கைவ் (arXiv) தளத்தில் தம் கட்டுரையின் முன்வரைவை, அதாவது ஆய்விதழில் வெளிவருவதற்கு முந்தைய வடிவத்தை, இலவசமாக வெளியிடுகிறார்கள். மருத்துவ, உயிரியல் கட்டுரைகள் பல பப்மெட் சென்ட்ரல் என்னும் இலவச இணையக் களஞ்சியத்தில் முழுமையாகவே கிடைக்கின்றன. அங்கும் இல்லையெனில், கட்டுரையில் முகவரி தந்திருக்கும் ஆய்வாளருக்கே சுருக்கமாக மின்னஞ்சல் எழுதிப் பிரதி கேட்கலாம். அதில் கூச்சம் வேண்டியதில்லை. மிகப் பழைய கட்டுரைகளுக்கும் பாடநூல்களுக்கும் இவ்வழிகள் பெரும்பாலும் உதவா. முன்வரைவிலுள்ள எண்கள், வெளியிடுமுன் பிற வல்லுநர்கள் செய்யும் மதிப்பாய்வின்போது மாறியிருக்கக்கூடும் என்பதால், அவற்றை ஆய்வேட்டில் எடுத்தாளுமுன், நூலகர் மூலம் இறுதிப் பதிப்பை வரவழைத்து ஒப்பிட வேண்டும்.