பயோகெமிஸ்ட்ரிக்கு மாறுகிறீர்களா? பழைய சிலபஸைத் தூக்கிப் போடாதீர்கள்

வேறு கல்லூரியிலிருந்தோ வேறு துறையிலிருந்தோ உயிர்வேதியியல் பட்டப்படிப்புக்கு மாறுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை. மதிப்பெண் கவலையெல்லாம் அப்புறம். பெரும்பாலான இடங்களில் பொது வேதியியல் முடித்தால்தான் ஆர்கானிக், அது முடிந்தால்தான் உயிர்வேதியியல் முதன்மைப் பாடங்கள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆர்கானிக் 2 செமஸ்டராக நடக்கிறதென்றால், இரண்டையும் ஒரே இடத்தில் முடித்துவிடுங்கள். ஓரிடத்தில் ஸ்பெக்ட்ராஸ்கோபி (மூலக்கூறின் அமைப்பை நிறமாலையை வைத்துக் கண்டுபிடிக்கும் பகுதி) முதல் செமஸ்டரிலேயே வந்துவிடும், இன்னோரிடத்தில் இரண்டாவதில். பாதியில் மாறினால், அதில் வரும் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வரைபடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அதைத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து முழிக்க நேரிடும்.

பழைய இடத்தில் முடித்த பாடங்களுக்கு "கிரெடிட் (பாட அலகு) ஏற்கப்பட்டது" என்ற வரியைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். விருப்பப் பாடமாக ஏற்பது வேறு, கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது வேறு. முன்னதில் கிரெடிட் எண்ணிக்கை ஏறும், பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கும்! எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்குத்தான் வாரவாரித் தலைப்புகளும் பாடநூல் பெயரும் உள்ள சிலபஸ் வேண்டும். லேப் ரெக்கார்டையும் பத்திரமாக வையுங்கள். தியரி மட்டும் செல்லும், செய்முறை செல்லாது என்பார்கள் சில இடங்களில்.

கால்குலஸ் (நுண்கணிதம்) இல்லாத இயற்பியலை எடுத்திருந்தால், அது போதுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் வினைவேகச் சமன்பாடு என்றாலே வகையீடும் தொகையீடும்தான்.