மக்காச்சோளத்துக்கு ஊடே தீவனப் புல் எழுப்புவது எப்படி

கினியா, கொழுக்கட்டை, ரோட்ஸ், பிரேக்கியாரியா போன்ற வெப்பகாலப் புற்கள் முதல் சில மாதங்கள் மேலே ஓங்காமல் வேரைத்தான் ஊன்றும். அதுவரை நிலம் சும்மா கிடக்காமலும் களை மண்டாமலும் இருக்கத்தான் கூடவே தானியப் பயிர் போடுகிறோம். ஆனால் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் அந்தத் தானியமும் புல்லோடு போட்டி போடும். போட்டி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் புல் பிழைக்கும்.

துணைப் பயிருக்கு மக்காச்சோளமே நல்லது. இலை நிமிர்ந்து நிற்கிற, சீக்கிரம் முதிர்கிற ரகமாக எடுங்கள். சோளத்தைத் தவிர்ப்பது மேல்: அதன் வேர்க்கசிவு சிறு நாற்றுகளை ஒடுக்கும், அறுவடைக்குப் பின் தூரில் வெடிக்கும் இளந்துளிரில் மாட்டைக் கொல்லும் அளவுக்கு சயனைடு நஞ்சு இருக்கலாம்.

புல் விதையில் பதர் அதிகம் என்பதால் மூட்டையின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தூய்மை 60 சதவீதம், முளைப்பு 50 சதவீதம் என்றால் உயிருள்ள விதை 30 சதவீதம்தான். ஹெக்டேருக்கு 3 கிலோ உயிருள்ள விதை வேண்டுமென்றால் 10 கிலோ தூவ வேண்டும். கினியாவுக்கும் கொழுக்கட்டைக்கும் விதை உறக்கம் உண்டு, அதாவது புது விதை சீக்கிரம் முளைக்காது. அறுத்து ஆறேழு மாதமாவது ஆன விதையை வாங்கி, ஈரத் துணியில் 100 விதையை முளைக்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண் புழுதியாக இருக்கலாம், பொலபொலவென்று இருக்கக் கூடாது. நடந்தால் குதிகால் ஒரு செ.மீ.க்கு மேல் புதையக் கூடாது. புதைந்தால் பலகை ஓட்டி இறுக்குங்கள். விதைப்புக்கு முன் ஒருமுறை நீர் விட்டுக் களையை முளைக்க வைத்து, மேலாகக் கிளறி அழித்துவிடுவது முக்கியம். புல் வகைக் களை பின்னால் வந்தால் பிரித்தெடுக்க வழியே இல்லை.

மக்காச்சோளத்துக்கு வரிசை இடைவெளி 75 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. (ஹெக்டேருக்குச் சுமார் 53,000 செடி). இரு வரிசைக்கு நடுவில் புல்லை விதையுங்கள். பஞ்சு போன்ற விதை கையில் ஒட்டும். ஈர மணலோடு கலந்தால் சீராக விழும். கினியாவும் கொழுக்கட்டையும் மக்காச்சோளம் போடும் அன்றே விழ வேண்டும், 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. முள் கிளையை இழுத்து லேசாக மூடினால் போதும். விதை பெரிதாக உள்ள, வேகமாக ஓங்கும் பிரேக்கியாரியாவை 15 முதல் 20 நாள் கழித்து, 2 செ.மீ. ஆழத்தில் போடலாம், முன்னதாகப் போட்டால் அது மக்காச்சோளத்தையே நெருக்கும்.

நன்றாக முளைத்த புல் மூன்றாம் வாரத்தில் காணாமல் போவதுதான் பலருக்கும் புரியாத தோல்வி. இந்தப் புற்களின் நிலையான வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டிய கணுவிலிருந்து வருகின்றன. அங்கே ஈரம் இல்லையென்றால் அவை இறங்காது. மெல்லிய முதல் வேர் மட்டும் நாற்றைத் தாங்காது. எனவே இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை அதிகமாகப் பாய்ச்சாமல், அடிக்கடி கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மேல்மண்ணைக் காயாமல் வைத்திருங்கள்.

யூரியாவை வயல் முழுக்க வீசினால் களைக்குத்தான் விருந்து. மக்காச்சோள வரிசை ஓரமாக மட்டும் வையுங்கள். களைக்கொல்லிகளில் மெட்டலாகுளோர், பெண்டிமெத்தலின் இரண்டும் புல் நாற்றை அழித்துவிடும். அட்ரசின் களைக்கொல்லியைப் பிரேக்கியாரியா தாங்கும், மற்ற எல்லாப் புல்லும் தாங்கும் என்று சொல்ல முடியாது; சந்தேகம் இருந்தால் கைக்களைதான்.

முடிந்தால் மணி முற்றும் வரை காத்திராமல் பால் முற்றிய நிலையில் ஊறுகாய்த் தீவனத்துக்கு (காற்றுப் புகாமல் புளிக்க வைத்துச் சேமிக்கும் பசுந்தீவனம்) அறுத்துவிடுங்கள், புல்லுக்கு ஒரு மாத வெயில் கூடுதலாகக் கிடைக்கும். தானியத்துக்கே விட்டால் தட்டையை உடனே வெளியேற்றுங்கள். குவியல் கிடந்த இடத்தில் புல் வெளுத்துச் சாகும். அறுவடைக்குப் பின் ஈரம் இருக்கும்போது ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து கொடுங்கள்.

அப்போது சதுர மீட்டருக்கு 10 தூருக்கு மேல் இருந்தால் வயல் தேறிவிட்டது; குறைந்த திட்டுகளில் பக்கத்துத் தூரைப் பிரித்து நடலாம். மாட்டை விடுமுன் நாலைந்து தூரைக் கையால் இழுத்துப் பாருங்கள். வேரோடு வந்தால் இன்னும் மேய்ச்சலுக்குத் தயாராகவில்லை; இலை மட்டும் அறுந்து வந்தால் 20 செ.மீ. உயரம் மிச்சம் இருக்கும்படி மேய விடலாம்.