சிரட்டைத்தூள் பிளாஸ்டிக்கில் பிடித்ததா? சோதனையில் சறுக்கும் இடங்கள்

தேங்காய்ச் சிரட்டைத்தூளையோ குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் பிரித்தெடுக்கும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவையோ பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் கலந்ததும் பலர் யங் குணகத்தை, அதாவது விறைப்பின் அளவைப் பார்க்கிறார்கள். அது ஏறினால் ‘நன்றாக ஒட்டியிருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் 0.05 முதல் 0.25 சதவீத நீட்சிக்குள் எடுப்பது. அங்கே துகள் பிளாஸ்டிக்கை விட்டு விலகவே தொடங்கியிருக்காது. சரியாக ஒட்டாத ஃபில்லரும் (கலக்கும் தூளும்) விறைப்பைக் கூட்டிக் காட்டும். இழுவை வலிமையைத்தான் பார்க்க வேண்டும்.

அதிலும் எடை சதவீதத்தை அப்படியே கீழே வரும் சமன்பாட்டில் போடுவது பெரும்பிழை. பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.905 கிராம், இல்மனைட்டின் அடர்த்தி 4.7 என்று கொண்டால், எடையில் 30 சதவீதம் கன அளவில் வெறும் 7.6 சதவீதம். கால்சியம் கார்பனேட்டுக்கு (2.7) அதே 30, 12.6 ஆகும். இரண்டையும் ‘30 சதவீதம்’ என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கலவையின் இழுவை வலிமையிலிருந்து ஒட்டுதலைக் கணக்கிடும் புகான்ஸ்கி முறை இதற்கு வசதியானது. கன விகிதம் ‘க’ என்றால், கலவையின் வலிமையை வெறும் பிளாஸ்டிக்கின் வலிமையால் வகுத்து, (1 + 2.5க)/(1 − க) என்பதால் பெருக்கி, இயல் மடக்கை எடுத்து, ‘க’வுக்கு எதிராக வரையுங்கள். கோட்டின் சாய்வுதான் ஒட்டுதலின் அளவு. பூஜ்யம் என்றால் துகள் சுமையே தாங்கவில்லை. ஒரே கலவையை வைத்துச் சாய்வு சொல்ல முடியாது, நான்கைந்து அளவுகளாவது வேண்டும். அதிக அளவில் கோடு கீழே வளைந்தால் தூள் கட்டி கட்டியாகத் திரண்டிருக்கிறது. துகள் சிறுத்தாலே பரப்பு கூடிச் சாய்வு ஏறும். ஆகவே பதப்படுத்திய தூளும் பதப்படுத்தாததும் ஒரே சல்லடையில் சலித்ததாக இருக்கட்டும். கப்ளிங் ஏஜென்ட் (தூளையும் பிளாஸ்டிக்கையும் இணைக்கும் வேதிப்பொருள்) சேர்த்தால், அதே அளவு சேர்த்த வெறும் பிளாஸ்டிக்கின் வலிமையால்தான் வகுக்க வேண்டும். இதை விட்டுவிட்ட அறிக்கைகளே அதிகம்.

இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் ஈரம் தனித் தலைவலி. சிரட்டைத்தூளை 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, உடனே காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். தூளின் ஈரம் உருகிய பிளாஸ்டிக்கில் ஆவியாகிக் குமிழி விடும், வலிமை விழும், பழி ஒட்டுதல்மேல் விழும். கலவையின் அளந்த அடர்த்தி, கணக்கிட்ட அடர்த்தியை விடக் குறைவா என்று பார்த்தால் குட்டு உடையும். உருக்கின் சூடும் 200 டிகிரியைத் தாண்டாதிருக்கட்டும், தூள் கருகத் தொடங்கும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் திரவ நைட்ரஜனில் உடைத்த முகம் தூள் பரவலைப் பார்க்க நல்லது. ஒட்டுதலுக்கு, இழுவைச் சோதனையில் அறுந்த முகத்தையே பாருங்கள். துகளைச் சுற்றி வளையமாக இடைவெளி, வழவழப்பான வெற்றுக் குழி இருந்தால் பிடிப்பு இல்லை. துகள்மேல் பிளாஸ்டிக் நார் இழுபட்டு நின்றால் பிடித்திருக்கிறது. சிரட்டைத் துகளே இரண்டாகப் பிளந்து கிடந்தால் பிடிப்பு துகளைவிட வலுவானது. அதற்குமேல் கப்ளிங் ஏஜென்ட் ஏற்றுவது காசுக்குக் கேடு.