‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற வாசலில் நம் பிள்ளைகள்: கப்பல் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி, கோட்டைவாசல் வளைவுகளில் ஏறி ஆரியங்காவுக்குள் இறங்கினால் மது வாங்கும் வயது மாறிவிடும். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 21, அந்தப் பக்கம் கேரளத்தில் 23. அங்கும் 21 ஆக இருந்ததுதான். 2017 கடைசியில்தான் கூட்ட முடிவெடுத்தார்கள். அதே மலை, அதே மழை, அதே பையன். கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைப் பொறுத்து சட்டம் வேறு. செங்கோட்டைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூர்–கொச்சி கணக்கில் இருந்ததுதானே.

ஆனால் சொகுசுக் கப்பலில் ஏறியதும் இந்த அறிவு நமக்கு மறந்துபோகிறது. நானும் மறந்தேன்.

செங்கோட்டையிலிருந்து நாங்கள், தென்காசியிலிருந்து அக்கா வீடு, புனலூரிலிருந்து நாத்தனார் வீடு என்று மூன்று குடும்பம் சேர்ந்து சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறினோம். அக்கா மகனுக்கு 15 வயது முடிந்து பத்து மாதம். அத்தானைவிட அரை அடி உயரம், அரும்பு மீசை. இரண்டாம் நாள் காலை எல்லோரும் கண்ணாடிக் கூரை போட்ட பூலுக்குப் போனோம். வாசலில் நின்ற பெண் அவனிடம் மட்டும், அறைச் சாவியாகவும் அடையாள அட்டையாகவும் இருக்கும் கீ கார்டைக் கேட்டாள். பார்த்துவிட்டுப் பலகையைக் காட்டினாள்: 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

அத்தான் விடவில்லை. “எங்ககூடத்தானே வாரான், தனியாவா வாரான்? இன்னும் ரெண்டு மாசந்தானே இருக்கு?” குரல் ஏறியது. உள்ளே படுத்திருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். பையன் காது சிவக்க, “விடுங்கப்பா, நான் ரூமுக்குப் போறேன்” என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

அந்தப் பெண் தன் வேலையைத்தான் செய்தாள். முன்கூட்டியே படிக்காதது பெரியவர்களான நாங்கள். கூனிக் குறுகி நின்றது அவன். அந்த முகம் இன்னும் என்னை உறுத்துகிறது. நம் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் கப்பலுக்குக் கிளம்புகிறார்கள். கொச்சி வில்லிங்டன் தீவில் 2021இல் சாகரிகா பயணியர் முனையம் திறந்தார்கள். பாலருவி எக்ஸ்பிரஸில் நள்ளிரவு தாண்டி ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுன். அப்படிக் கிளம்புகிறவர்கள் வீட்டில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்குள் ஒரு பிள்ளை இருந்தால், இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

18 என்று நினைத்துக்கொள்வது

முதல் தவறு, ‘பெரியவர்’ என்றால் எங்கும் 18 என்று முடிவு கட்டிக்கொள்வது. கப்பலில் ஒரே பிள்ளை ஒரு கதவில் பெரியவன், அடுத்த கதவில் சிறுவன். ராயல் கரீபியன் கப்பல்களில் ‘சோலாரியம்’ என்ற பூல் பகுதிக்கு 16 போதும். அதே நிறுவனத்தின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் ‘ஹைட்அவே’ என்ற பகுதிக்கு 18 ஆக வேண்டும். செலிபிரிட்டி கப்பல்களின் சோலாரியத்துக்கும் 16தான். பிரின்சஸ் கப்பல்களில் ‘சாங்க்சுவரி’ 18. டிஸ்னியில் ‘குவையட் கோவ்’ பூல் 18. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கார்னிவல் கப்பல்களில் ‘செரினிட்டி’ தளத்துக்கு 21 கேட்பார்கள்.

கிளம்பும் துறைமுகமும் கணக்கை மாற்றும். ராயல் கரீபியனில் மது அருந்தும் வயது ஆசியா, ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால் 18. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பினால் 21. நம் ஆரியங்காவுக் கதையேதான். அதனால் ஏஜென்ட்டிடம் “பிள்ளைகளுக்கு எத்தனை வயசு வேணும்?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கப்பலின் பெயர், கிளம்பும் துறைமுகம் இரண்டையும் சொல்லி, பூலுக்கு எவ்வளவு, ஸ்பாவுக்கும் ஜிம்முக்கும் எவ்வளவு, ராத்திரி நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். நகைச்சுவை நிகழ்ச்சியே சாயங்காலம் குடும்பத்தோடு பார்க்க ஒன்று, இரவு பிந்தி 18க்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்று என்று இரண்டாக நடக்கும் கப்பல்கள் உண்டு.

“எங்ககூடத்தானே வாரான்”

அத்தான் கேட்ட இந்தக் கேள்வியை நம் ஆட்கள் எல்லோரும் கேட்பார்கள். குற்றாலத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்குப் போனால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கே பயமெல்லாம் வழுக்கி விழுவதைப் பற்றியது, கூட ஆள் இருந்தால் தீர்ந்தது. கப்பலின் பெரியவர்கள் பகுதியில் தடை வேறு காரணத்துக்காக. அங்கே விற்கப்படுவது அமைதி. ஆயிரக்கணக்கான பேர் ஒரே இரும்புக் கூட்டுக்குள் நாலைந்து நாள் இருக்கிறார்கள்; சத்தமில்லாமல் ஒதுங்க மொத்தக் கப்பலிலும் ஓரிரண்டு மூலைதான். அதற்கென்றே சில கப்பல்களில் தனிக் கட்டணமும் உண்டு, ‘சாங்க்சுவரி’ அப்படிப்பட்டதுதான்.

“எம் புள்ள சத்தமே போடமாட்டான்” என்பது உண்மையாகவே இருக்கும். அக்கா மகன் புத்தகத்தை எடுத்தால் கூப்பிட்டாலும் கேட்காது. ஆனால் வாசலில் நிற்கிறவர் ஒவ்வொரு பிள்ளையின் குணத்தையும் எடைபோட்டு உள்ளே விட முடியாது. இவனை விட்டால் அடுத்தவனை என்ன சொல்லித் தடுப்பார்? வயது மட்டும்தான் யாரையும் நோகாமல் கேட்கக்கூடிய அளவு. அம்மா, அப்பா, பாட்டி கூட இருப்பதால் 15 என்பது 16 ஆகாது.

வயதைக் கூட்டிச் சொல்வது

ரயிலில் அஞ்சு வயசுப் பிள்ளையை நாலு என்று சொல்லி, பன்னிரண்டைப் பதினொன்று என்று சொல்லிப் பழகிய வாய் நமக்கு. அந்தப் பழக்கம் கப்பலில் தலைகீழாக வருகிறது: பதினைந்தைப் பதினாறு என்று சொல்லச் சொல்லிப் பிள்ளையையே தயார் செய்கிறோம். இதைச் செய்யாதீர்கள். முன்பதிவின்போதே பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதி ஏறிவிடுகிறது. கீ கார்டைத் தட்டினால் திரையில் வந்துவிடும். பொய் பிடிபடும்போது நிற்பது நீங்கள் அல்ல, அவன்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக மே, ஜூன் என்று மாற்றிக் கொடுத்த தேதிதான் சில பிள்ளைகளின் பாஸ்போர்ட் வரை போயிருக்கும். வீட்டில் ஜனவரியில் கேக் வெட்டியிருப்பீர்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் 15. கப்பலுக்குத் தெரிந்தது பாஸ்போர்ட் மட்டுமே. அதிலும் ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் பயணத்தின் முதல் நாளில் என்ன வயதோ அதையே முழுப் பயணத்துக்கும் கணக்கில் கொள்கின்றன. நடுக்கடலில் பிறந்தநாள் வந்தால் வாழ்த்துவார்கள். கதவு திறக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

முதல் சாயங்காலத்தை வீணாக்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். கப்பல்களில் பதின்வயதினருக்கென்றே இடம் இருக்கிறது. ராயல் கரீபியனில் 17 வயது வரை போகலாம். கார்னிவலிலும் எம்எஸ்சியிலும் 12–14, 15–17 என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். டிஸ்னியில் 11–14க்கு ‘எட்ஜ்’, 14–17க்கு ‘வைப்’. சின்னப் பிள்ளைகளின் கிளப்பில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு விட்டு, கையெழுத்துப் போட்டுக் கூட்டிவர வேண்டும். பதின்வயதினர் தாங்களாகப் போகலாம், வரலாம்.

ஆனால் அங்கே சேக்காளி சேர்வது முதல் சாயங்காலம்தான். அன்றைக்கு நாங்கள் என்ன செய்தோம்? சாப்பாட்டுக் கூடத்தைத் தேடினோம், படம் எடுத்தோம், இவனிடம் நாத்தனாரின் ஆறு வயதுப் பையனைக் கொடுத்து “தம்பியப் பாத்துக்கோ” என்றோம். இரண்டாம் நாள் பூல் வாசலில் அவமானப்பட்டுத் திரும்பியவனுக்குப் போக ஓர் இடம் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். மூன்றாம் நாள் நானே கூட்டிப்போய் அந்தக் கிளப்பைக் காட்டினேன். கும்பல்கள் ஏற்கெனவே கூடியிருந்தன. ஆங்கிலத்தில் பேசத் தயங்கி வாசலிலேயே நின்றான். நல்ல வேளை, உள்ளே கேரம் மாதிரி ஒரு பலகை ஆட்டம். அதற்கு மொழி தேவைப்படவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கப்பலில் ஏறிய மத்தியானமே பிள்ளையோடு போய் அந்த இடத்தைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் தள்ளாதீர்கள், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். தம்பி தங்கைகளைப் பார்க்கிற வேலையை அவர்கள் தலையில் கட்டவும் வேண்டாம்.

பதினெட்டு முடிந்த பிள்ளைகள் இன்னொரு வகையில் மாட்டிக்கொள்கிறார்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரி முதலாண்டு போகிறவளுக்குப் பதின்வயதினர் கிளப்பில் இடம் இல்லை. பெரியவர்கள் பூலில் பெரும்பாலும் இடம் உண்டு. நாமோ “சின்னப் புள்ளைங்ககூட இரு” என்று வெளியே நிறுத்திவிடுகிறோம். அவளுக்குக் கப்பல் கொடுத்த உரிமையை வீட்டார் பறிக்க வேண்டாம்.

இரவும் மதுவும்

ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் இரவு 1 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் பொது இடங்களில் சுற்றக்கூடாது. நம் வீட்டில் அந்த நேரத்துக்கு யார் சுற்றுகிறார்கள் என்று தோன்றும். பெண்பிள்ளைகளைப் பத்து மணிக்கே அறைக்குக் கூப்பிட்டுவிட்டுப் பையன்களை மறந்துவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நேரத்தைச் சொல்லி வையுங்கள், இருவருக்கும்.

“ஒரு வாய் பீர்தானே” என்று சித்தப்பாவோ மாமாவோ தன் கார்டில் வாங்கிக் கொடுப்பது கப்பலில் பெரிய குற்றம். அடுத்த துறைமுகத்தில் குடும்பத்தையே இறக்கிவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அங்கிருந்து ஊர் திரும்பும் செலவு உங்களுடையது.

ஏறும் முன்பே தடுக்கும் இரண்டு

சில கப்பல்களில் ‘பெரியவர்கள் பகுதி’ என்று தனியாக இல்லை. கப்பல் முழுவதுமே அதுதான். வர்ஜின் வாயேஜஸ், வைகிங் நிறுவனங்களில் 18க்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை. பிரிட்டனின் பி அண்டு ஓ நிறுவனத்தில் ‘ஆர்காடியா’, ‘அரோரா’ கப்பல்கள் மட்டும் அப்படி. விலை குறைந்திருக்கிறதே என்று பிள்ளைகளோடு பதிவு செய்து பணத்தை இழக்காதீர்கள்.

இரண்டாவது, சித்தியோடு பிள்ளையை அனுப்புவது. நமக்குச் சித்தியும் அம்மாதான். கப்பலுக்கு அப்படி இல்லை. பெற்றோர் இருவரும் வராமல் 18க்குக் கீழே உள்ள பிள்ளை சித்தி, மாமா, தாத்தாவோடு வந்தால், நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. வைத்தியத்துக்குச் சம்மதிக்கும் அதிகாரத்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரிஜினலைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி தனியாகப் போய்விடும்.

நீங்கள் உள்ளே இருக்கும்போது

உங்களுக்கு 50, 60 வயது. மூட்டு வலிக்கு இதமாகப் பெரியவர்கள் பூலில் கால் நீட்டியிருக்கிறீர்கள். மூன்று பையன்கள் உள்ளே வந்து குதிக்கிறார்கள். அவர்களை நீங்களே அதட்ட வேண்டாம், போனில் படமும் எடுக்க வேண்டாம். அது வேறு தகராறில் முடியும். துண்டு கொடுக்கும் இடத்தில் இருக்கும் ஊழியரிடம் மெல்லச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் வரவேற்பு மேசைக்குப் போன் போட்டு, டெக் எண்ணையும் நேரத்தையும் சொல்லுங்கள். அதுவே தினமும் நடந்தால் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளை வெளியே அழைக்கும்போது பதினோராவது டெக்கில் அவர்களுக்கென்று விளையாட்டு இடம் இருக்கிறது என்று ஊழியர் சேர்த்துச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் முகம் வாடாமல் போகிறார்கள். எங்கள் வாசலில் நின்ற பெண்ணும் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அத்தான் போட்ட சத்தத்தில் அது பையன் காதில் விழவில்லை.