அமெரிக்க சிட்டிசன கல்யாணம் பண்ணா க்ரீன் கார்டு வாங்குறது எப்படி

தாலி ஏறுனதும் க்ரீன் கார்டு கைக்கு வந்துரும்னு ஊர்ல இன்னமும் நினைச்சுட்டு இருக்காங்க. வராது, ஆனா சிட்டிசனோட புருஷன் பொண்டாட்டிக்கு வருஷ கோட்டா கிடையாது, எச்1பில வேலை பாத்துட்டு வருஷக்கணக்கா க்யூல நிக்கிறவங்களோட பாத்தா இது எவ்வளவோ தேவல.

முதல்ல ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் மேரேஜ் சர்டிபிகேட் வாங்குங்க, பத்திரிகையும் மண்டப ரசீதும் வெச்சு ஒண்ணும் ஆகாது. அப்புறம் நம்ம இனிஷியல் தொல்லை. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா உங்க பேரு சர்நேம் இடத்துக்கு போயிடும், பேரு இருக்க வேண்டிய இடத்துல எஃப்என்யூனு, அதாவது ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்னு விழும், அப்புறம் லைசென்ஸ்ல இருந்து பேங்க் வரைக்கும் எல்லாத்துலயும் அதான். அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ட சரி பண்ணிடுங்க.

சிட்டிசனா இருக்கவர் தான் ஐ-130, அதாவது உங்களுக்காக குடும்ப மனு போடணும். அப்ரூவ் ஆனதும் கேஸ் என்விசிக்கு, அதாவது நேஷனல் விசா சென்டருக்கு போகும், அங்க ஃபீஸ், டிஎஸ்-260ங்கற விசா அப்ளிகேஷன், போலீஸ் கிளியரன்ஸ், அப்புறம் ஐ-864, அதாவது உங்கள காப்பாத்துற அளவு வருமானம் இருக்குனு அவர் எழுதி கொடுக்குறது, வறுமைக்கோட்டு கணக்குல 125 சதவீதம் வரணும், வரலன்னா வேற ஒருத்தர் ஜாயின்ட் ஸ்பான்சரா கையெழுத்து போடலாம். மெடிக்கல் அமெரிக்க தூதரக லிஸ்ட்ல இருக்க டாக்டர்கிட்ட மட்டும் தான். இன்டர்வியூ சென்னைல இல்லங்க, மும்பை.

ஏற்கனவே அமெரிக்காவுல எஃப்-1ல, அதாவது ஸ்டூடன்ட் விசால இருக்கீங்கன்னா ஐ-130, அங்க இருந்தே க்ரீன் கார்டு கேக்குற ஐ-485 ரெண்டையும் சேத்தே போடலாம். ஆனா வெளிய போயிட்டு வர அனுமதி கேக்குற ஐ-131 அப்ரூவ் ஆகாம ஊருக்கு கிளம்பிடாதீங்க, ஐ-485 கைவிட்டதா எடுத்துக்குவாங்க.

கல்யாணம் நிஜம்னு காட்ட ஆல்பத்த மட்டும் தூக்கிட்டு போகாதீங்க, முகூர்த்தத்தன்னைக்கு எடுத்த ஐநூறு போட்டோவும் ஒரு நாள் கதைய தான் சொல்லும். அதுக்கப்புறம் அவர் ஊருக்கு வந்த டிக்கெட், கால் ஹிஸ்டரி, பணம் அனுப்புனது, இன்சூரன்ஸ்ல நாமினி, இதெல்லாம் தேதிவாரியா அடுக்குங்க.

விசா வாங்கி அமெரிக்காவுக்குள்ள போற அன்னைக்கு கல்யாணமாகி 2 வருஷம் ஆகலன்னா 2 வருஷ கார்டு தான், ஆகியிருந்தா 10 வருஷம். அதனால ரெண்டாவது கல்யாண நாள் பக்கத்துல இருந்து விசாவும் செல்லுபடியா இருந்தா, அது தாண்டுனதும் ஃப்ளைட் ஏறுங்க, ஏர்போர்ட் ஆபீசர்கிட்ட கல்யாண தேதிய சொல்லி 10 வருஷ கார்டுக்கு மாத்த கேளுங்க. 2 வருஷ கார்டுனா அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஐ-751, அதாவது அந்த 2 வருஷ நிபந்தனைய நீக்குற மனு போடணும். மறந்தா கார்டு மட்டும் இல்ல, அந்தஸ்தே போயிடும்.

இந்த கையெழுத்த வெச்சு தான் சில புருஷன்மாருங்க மிரட்டுவாங்க, நான் போடலன்னா உன்ன ஊருக்கு அனுப்பிடுவாங்கனு. அப்படி இல்ல. உண்மையா கல்யாணம் பண்ணி டைவர்ஸ் ஆயிருந்தாலோ, அடி உதை கொடுமை இருந்தாலோ, வேய்வர், அதாவது விலக்கு கேட்டு தனியாவே ஐ-751 போடலாம், 90 நாள் கணக்கும் அதுக்கு கிடையாது. அதனால எல்லா பேப்பரோட காப்பியும் உங்க சொந்த மெயில்ல, அவருக்கு பாஸ்வேர்ட் தெரியாத மெயில்ல, முதல் நாள்ல இருந்தே போட்டு வைங்க.